பெயரில் மட்டும் கலிஃபோர்னியா: ஏவானுக்கு முந்தைய கதை

கேள்வி இது: அழகுசாதனப் பொருட்கள் விற்கும் ஏவான் நிறுவனத்தின் பழைய பெயர் கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி என்கிறார்களே, அமெரிக்காவின் முதல் வாசனைத் திரவியக் கம்பெனி அதுதானா? கலிஃபோர்னியாவில்தான் ஆரம்பித்ததா? புத்தகம் விற்கப் போனவர் இலவசமாகக் கொடுத்த சென்ட்டிலிருந்து பிறந்த கம்பெனி என்ற கதை உண்மையா?

முதல் கம்பெனி கிடையாது, அதற்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள். கலிஃபோர்னியாவிலும் ஆரம்பிக்கவில்லை, நியூயார்க் நகரத்தில் சேம்பர்ஸ் தெருவில் 1886ல் ஆரம்பித்தது. இலவச சென்ட் கதையைக் கம்பெனியே பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறது, ஆனால் நிறுவனர் தன் கைப்பட எழுதிய வரலாற்றைப் படித்தால் அது வேறு மாதிரி இருக்கிறது. இந்த மூன்றாவது விஷயம்தான் சுவாரசியமானது, அதனால் அதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் 1886க்கு முன்னால் அமெரிக்காவில் வாசனை விற்றவர்கள் யார் என்று பார்த்துவிடலாம். பெரும்பாலும் மருந்துக்கடைக்காரர்கள்தான். சாராயம், வாசனை எண்ணெய்கள், தராசு, வடிகட்டி எல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தன, மருந்து கலக்கும் கையே கொலோன் என்ற இளம் வாசனைத் தண்ணீரும் கலக்கும். 1752ல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் வில்லியம் ஹண்டர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் திறந்த மருந்துக்கடையைத்தான் கேஸ்வெல்-மாஸி நிறுவனம் தன் தொடக்கமாகச் சொல்கிறது. 1808ல் நியூயார்க்கில் ராபர்ட் மர்ரே தொடங்கிய வியாபாரத்தில் பிறகு லான்மன் சேர்ந்து, அவர்கள் பெயரில் வந்த ஃப்ளோரிடா வாட்டர் இன்றும் கடைகளில் கிடைக்கிறது, லத்தீன் அமெரிக்காவிலும் கரீபியன் தீவுகளிலும் வழிபாட்டுக்கும் திருஷ்டி கழிக்கவும்கூட அதைத் தெளிக்கிறார்கள். பற்பசையால் நமக்குத் தெரிந்த கோல்கேட் 1806ல் சோப்பு, மெழுகுவர்த்தி, ஸ்டார்ச் விற்று வளர்ந்து, 1872ல் காஷ்மீர் பொக்கே என்ற வாசனை சோப்பைக் கொண்டுவந்தது. சின்சினாட்டியில் 1847ல் தொடங்கிய சோலன் பாமர் பிறகு நியூயார்க்குக்கு இடம் மாறினார். அதே நியூயார்க்கில் அப்பாவின் மருந்துக்கடையிலிருந்து கிளம்பிய ரிச்சர்ட் ஹட்நட் பெரிய பெர்ஃப்யூம் வியாபாரியாக ஆனார்.

இவர்கள் எல்லாருக்கும் ஒரே ஒரு தலைவலி பொதுவாக இருந்தது. வாசனையை முகர்ந்து பார்க்காமல் யாரும் வாங்கமாட்டார்கள், முகர வேண்டுமானால் கடைக்கு வர வேண்டும். மசாசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் ஊரில் ஈ. டபிள்யூ. ஹாய்ட் என்ற மருந்துக்கடைக்காரர் இதற்கு ஒரு நல்ல வழி பிடித்தார். ஒரு பக்கம் அழகான வண்ணப்படம், மறுபக்கம் விளம்பரம் என்று சின்னச் சின்ன அட்டைகள் அடித்து, அவற்றில் தன் ஜெர்மன் கொலோனின் வாசனையை ஏற்றிக் கடை கடையாகக் கொடுத்தார். வாங்கியவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் ஆல்பத்தில் ஒட்டி வைத்தார்கள், அந்த அட்டைகளை இன்றும் சேகரிப்பாளர்கள் வாங்கி விற்கிறார்கள். ஆனாலும் அட்டையில் ஏற்றிய வாசனை நாளாக நாளாக மங்கிப்போகும், அதை முகர்ந்தவர் மறுபடி ஒரு கடையைத் தேடித்தான் போக வேண்டும்.

ஊர்ப்புறத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கடையும் பக்கத்தில் கிடையாது. 1872லேயே மாண்ட்கோமரி வார்ட் தபால் வழி வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார், ஏர், அடுப்பு, துணி எல்லாவற்றையும் படத்தைக் காட்டியே விற்க முடிந்தது. படம் பார்த்து வாசனையை வாங்க முடியாதே. கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி ஜெயித்ததற்குக் காரணம் இந்த இடைவெளிக்குள் அது சரியாகப் போய் உட்கார்ந்ததுதான் என்பது என் கருத்து. அவர்களுடைய சென்ட் மற்ற அமெரிக்கக் கம்பெனிகளுடையதைவிடப் பெரிதாக உசத்தி என்று சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த சென்ட் போய்ச் சேர்ந்த வழி முற்றிலும் வேறு.

இனி ஆளைப் பார்ப்போம். டேவிட் ஹால் மக்கானல், 1858ல் நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்விகோவில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1879ல் யூனியன் பப்ளிஷிங் கம்பெனி என்ற புத்தக நிறுவனத்துக்கு வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்கும் வேலையில் சேர்ந்தார். சுறுசுறுப்பான ஆள், சீக்கிரமே சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார், பிறகு அட்லாண்டாவில் உட்கார்ந்து தென் மாநிலங்களின் விற்பனையைப் பார்த்துக்கொண்டார், முகவர்களைச் சேர்த்துப் பழக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. கடைசியில் தன்னை வேலைக்கு எடுத்தவரிடமிருந்தே வியாபாரத்தை வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் சொல்லும் கதை இப்படிப் போகும்: புத்தகம் விற்கப் போகிற வீட்டில் பெண்கள் கதவைத் திறக்க வேண்டும், உள்ளே விட வேண்டும், அதற்காகச் சின்னக் குப்பியில் ரோஜா சென்ட் கொடுத்தார், உள்ளூர் மருந்துக்கடைக்காரர் ஒருவர் அதைக் கலந்து கொடுத்தார், போகப் போகப் புத்தகத்தைவிட சென்ட்டைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள் என்று கண்டுகொண்டு தொழிலையே மாற்றிக்கொண்டார். கேட்க நன்றாக இருக்கிறது, கம்பெனியும் இதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தது. சென்ட் குப்பி கொடுத்தது நடந்தே இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 1903ல் மக்கானல் தன் முகவர்களுக்காகக் கம்பெனியின் சிறு வரலாறு ஒன்றை எழுதினார். அதில் அவர் சொல்வது ஒரு கணக்குப் போட்ட வியாபாரியின் பேச்சு. பல ஆண்டுகள் புத்தகம் விற்றதில், பொருளையே நேரில் கொண்டுபோய் மக்கள் முன்னால் வைப்பதுதான் சிறந்த விற்பனை என்று தெரிந்துகொண்டதாகவும், அந்த முறைக்கு எந்தச் சரக்கு பொருந்தும் என்று ஏறக்குறைய எல்லாத் தொழில்களையும் அலசிப் பார்த்து, நிலையான வாடிக்கை கிடைக்கக்கூடியது வாசனைத் தொழில்தான் என்று முடிவுக்கு வந்ததாகவும் எழுதுகிறார். அதாவது விற்கும் முறை முதலில் வந்தது, பொருள் பிறகு வந்தது. புத்தகத்தை ஒரு வீட்டில் ஒருமுறை விற்றால் அதோடு சரி, அடுத்த மாதம் அதே கதவைத் தட்ட வேண்டிய காரணமே இருக்காது. சென்ட் தீர்ந்துபோகும். தீர்ந்தால் மறுபடி வேண்டும். ஏழு ஆண்டுகள் கதவு கதவாக அலைந்தவருக்கு இது புரிந்ததில் ஆச்சரியமே இல்லை, தற்செயலாகக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று இதைச் சொல்வது அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகத்தான் எனக்குப் படுகிறது.

பெயர் எப்படி வந்தது என்பதும் அதே எழுத்தில் இருக்கிறது. பண்ணையிலிருந்த பையனாகத் தன்னைக் கூட்டிவந்து வேலை கொடுத்த அந்தப் பழைய முதலாளி, வியாபாரத்தை விற்றபிறகு கலிஃபோர்னியாவுக்குக் குடிபோனார், அங்கிருந்து அந்த ஊரைப் புகழ்ந்து புகழ்ந்து கடிதம் எழுதினார், அந்தப் பெயரையே கம்பெனிக்கு வைக்கலாம் என்ற யோசனையும் அவருடையதுதான். அப்போது கிழக்குக் கரையில் பனியில் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கலிஃபோர்னியா என்றாலே வெயில், ஆரஞ்சுத் தோட்டம், ஆண்டு முழுக்கப் பூ. பெட்டி மேல் அந்தப் பெயர் இருந்தாலே போதும், உள்ளே இருப்பதைப் பற்றிப் பாதி சொல்லியாகிவிடும். வேலை நடந்ததோ மன்ஹாட்டனில், சேம்பர்ஸ் தெரு 126ம் எண் கட்டடத்தில், சமையலறைச் சாமான் அறையைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருந்த இடத்தில் தொடங்கியதாக அவரே எழுதியிருக்கிறார். கலப்பது, பாட்டிலில் அடைப்பது, பொட்டலம் கட்டுவது, முகவர்களுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அவரே. மனைவி லூசியும் கூட நின்று வேலை பார்த்தார்.

அங்கே முதலில் செய்தது ஐந்து வாசனைகள்: வயலட், வெள்ளை ரோஜா, ஹீலியோட்ரோப், பள்ளத்தாக்கு லில்லி, ஹயசிந்த். ஐந்துமே ஒற்றைப் பூவின் பெயர்கள், அந்தக் கால வழக்கம் அது. சென்ட்டைப் பெரும்பாலும் கைக்குட்டையில்தான் தெளித்துக்கொள்வார்கள், அதனால் கைக்குட்டை எக்ஸ்ட்ராக்ட் என்றே விலைப்பட்டியல்களில் போடுவது உண்டு. இந்த ஐந்து பெயர்களையும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் 1880களின் வாசனைத் தொழில் முழுவதும் அதற்குள் தெரியும்.

பழைய முறை என்னவென்றால், பிரான்சின் கிராஸ் ஊரில் கண்ணாடித் தட்டுகளில் சுத்தம் செய்த பன்றிக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் தடவி, அதன்மேல் மல்லிகை மாதிரியான பூக்களைப் பரப்புவார்கள். மறுநாள் வாடிய பூவை எடுத்துவிட்டுப் புதுப்பூ, அதற்கு மறுநாள் மறுபடி. வாரக்கணக்கில் இப்படிச் செய்தால் கொழுப்பு வாசனையைக் குடித்துவிடும். ரோஜா, வயலட் போன்றவற்றை இளஞ்சூடான கொழுப்பில் ஊறவைப்பார்கள். அந்தக் கொழுப்பு தகர டப்பாவில் கப்பலேறி அமெரிக்கா வரும். இங்கே அதைச் சாராயத்தில் போட்டுக் குலுக்கினால் வாசனை சாராயத்துக்கு இறங்கும், பிறகு நன்றாகக் குளிரவைத்து, உறைகிற கொழுப்பை வடிகட்டி எறிந்துவிட்டால் எக்ஸ்ட்ராக்ட் கையில் நிற்கும். சாராயத்துக்கு அரசாங்கம் ஒரு கேலனுக்கு 0.90 டாலர் வரி போட்டிருந்த காலம், ஆகவே வீணாகும் ஒவ்வொரு சொட்டும் காசு.

சரி, இப்போது அந்த ஐந்துக்கு வருவோம். பள்ளத்தாக்கு லில்லி தன் வாசனையை விற்பனைக்கு ஆகும்படி கொடுக்கவே கொடுக்காது, அந்தப் பெயரில் வந்த சென்ட்டெல்லாம் மற்ற பூக்களின் சாரத்தைச் சேர்த்துப் போலி செய்ததுதான். ஹீலியோட்ரோப்பும் ஏறக்குறைய அதே கதை, வெனிலா, பாதாம் எல்லாம் கலந்துதான் அந்த மணத்தைக் கொண்டுவருவார்கள். ஆனால் 1869ல் ஜெர்மனியில் ஃபிட்டிக், மீல்க் என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஒரு பொருளைச் செய்தார்கள், அதன் மணம் அச்சு அசலாக ஹீலியோட்ரோப். எதிலிருந்து செய்தார்கள் தெரியுமா, மிளகிலிருந்து. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினிலிருந்து கிடைத்ததால்தான் அதற்குப் பைப்பரோனல் என்று பெயர், வியாபாரப் பெயர் ஹீலியோட்ரோப்பின். பிறகு சாசஃபராஸ் மர எண்ணெயில் இருக்கும் சாஃப்ரோலிலிருந்து செய்யும் வழி வந்து அது மலிவானது.

வயலட் இன்னும் சுவையானது. உண்மையான வயலட் பூவின் சாரம் பெரிய பணக்காரர்களுக்கே கட்டுப்படியாகாது. அதனால் ஐரிஸ் செடியின் கிழங்கைத் தோல் சீவி, ஆண்டுக்கணக்கில் உலர்த்தி வைப்பார்கள், அப்படிக் காயக் காய அதில் வயலட் மணம் ஏறும், அதைச் சேர்த்துச் சமாளிப்பார்கள். 1893ல் டீமன், குரூகர் இருவரும் இந்தக் கிழங்கின் மணத்தை ஆராயப்போய் அயனோன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள், வயலட் சென்ட் சாதாரண மக்கள் கைக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். அந்த அயனோன் செய்யத் தேவைப்படும் வேதிப்பொருள் சிட்ரால், சிட்ராலுக்கு முக்கிய மூலம் எலுமிச்சைப் புல் எண்ணெய், அது பெருமளவில் போனது நம் பக்கத்துத் திருவிதாங்கூர், மலபார் பகுதிகளிலிருந்து கொச்சித் துறைமுகம் வழியாக. அமெரிக்கப் பண்ணை வீட்டுப் பெண்ணின் கைக்குட்டையில் மணத்த வயலட்டில் மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்லுக்கும் பங்கு உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மக்கானல் வேதியியலாளர் கிடையாது, அது அவருக்கே நன்றாகத் தெரியும். வியாபாரம் வளர்ந்ததும் கைதேர்ந்த ஆளைத் தேடினார். அடால்ஃப் கோட்டிங் என்பவர் 25 ஆண்டுகளாக வாசனைத் தொழிலில் இருந்தவர், சொந்தக் கம்பெனியே நடத்திக்கொண்டிருந்தார். 1896 வாக்கில் அந்தக் கம்பெனியையே வாங்கி, அவரையும் தன்னிடம் சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் சரக்கின் தரத்தில் ஒரு நிதானம் வந்தது என்று சேகரிப்பாளர்கள் பலர் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதுவரை சொன்னது ஒரு பாதி. மறுபாதி திருமதி ஆல்பீ.

பெர்சிஸ் ஃபாஸ்டர் ஈம்ஸ் ஆல்பீ, 1836ல் மெய்ன் மாநிலத்தில் பிறந்தவர், கல்யாணம் முடிந்து நியூ ஹாம்ப்ஷயரின் வின்செஸ்டர் என்ற சிற்றூரில் குடியிருந்தார். கணவர் எல்லரி ஆல்பீ அரசியலிலும் இருந்த வழக்கறிஞர். புத்தக வியாபாரக் காலத்திலேயே மக்கானலுக்கு இவரைத் தெரியும். 1886ல் சென்ட் கம்பெனி தொடங்கியபோது இவருக்கு 50 வயது. கம்பெனியின் முதல் பொது முகவர் இவர்தான், முதல் ஆறு மாதம் வேறு பொது முகவரே கிடையாது என்று மக்கானல் எழுதியிருக்கிறார். ரயிலிலும் குதிரை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். போன இடத்தில் சென்ட் விற்றது குறைவுதான், அந்த ஊரில் விற்கக்கூடிய ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து, பழக்கி, வேலையை ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனது அதிகம்.

இந்த அமைப்பு எப்படி நடந்தது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மேலே ஊர் சுற்றும் பொது முகவர். கீழே அந்தந்த ஊரிலேயே குடியிருக்கும் டிப்போ முகவர், பெரும்பாலும் குடும்பப் பெண், சில சமயம் கைம்பெண் அல்லது பள்ளி ஆசிரியை. அவரிடம் மாதிரிக் குப்பிகள் அடங்கிய ஒரு பெட்டி இருக்கும். தெரிந்த வீடுகளுக்குப் போவார், மூடியைத் திறந்து முகரக் கொடுப்பார், யாருக்கு எது என்று ஆர்டர் எழுதிக்கொள்வார், மொத்தமாக நியூயார்க்குக்கு அனுப்புவார். சரக்கு எக்ஸ்பிரஸ் ரயில் பார்சலில் பக்கத்து நிலையத்துக்கு வரும், போய் எடுத்துவந்து பிரித்து வீடு வீடாகக் கொடுத்துப் பணம் வாங்கி, தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புவார். சரக்கு பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ் என்று கம்பெனி உறுதி கொடுத்திருந்தது, அது அந்த முகவருக்குப் பெரிய பலம், ஏனென்றால் நாளைக்கும் அதே தெருவில் அதே முகங்களைத்தான் அவர் பார்க்க வேண்டும்.

இதன் அருமை புரிய அந்தக் காலத்தின் நாடோடி வியாபாரிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். தோளில் மூட்டையோடு வரும் அந்நிய ஆண், இன்று வந்தவன் நாளை எங்கே இருப்பான் என்று தெரியாது, கணவன் வயலில் இருக்கும் நேரத்தில் அவனுக்குக் கதவைத் திறக்கப் பல பெண்கள் தயங்கினார்கள். கதவைத் தட்டுவது மாதா கோவிலில் கூட உட்காரும் பக்கத்து வீட்டு அக்கா என்றால் நிலைமையே வேறு. மக்கானலுக்குப் பெண்கள் வாங்குவார்கள் என்று தெரியும். பெண்களே விற்றால் அந்த வியாபாரம் ஊருக்குள் வேர் பிடிக்கும் என்று நடைமுறையில் செய்து காட்டியவர் ஆல்பீ. இதை என் ஊகமாகச் சொல்லவில்லை. தாங்கள் இப்போதும் பயன்படுத்தும் விநியோக முறை திருமதி ஆல்பீ நடைமுறைக்குக் கொண்டுவந்த முறைதான் என்றும், அதனால் கம்பெனியின் தாய் என்ற பட்டம் அவருக்கே உரியது என்றும் 1903ல் மக்கானலே எழுதிவைத்தார். இவ்வளவு தெளிவாக முதலாளியே ஒப்புக்கொண்ட பிறகும், இணையத்தில் வரும் நூறு கட்டுரைகளில் தொண்ணூறு இவரை முதல் ஏவான் லேடி என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. முதல் விற்பனைப் பெண் என்பது அவர் செய்த வேலையின் சின்ன மூலை. ஒரு விற்பனை அமைப்பையே கட்டியவர் அவர்.

காலத்தையும் மறந்துவிடக் கூடாது. அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1920ல், அதற்கு 34 ஆண்டுகள் முன்னால் இந்தப் பெண்கள் தங்கள் பெயரில் ஆர்டர் எடுத்து, கணக்கு எழுதி, பணம் கையாண்டார்கள். கிடைத்தது பெரிய செல்வம் ஒன்றும் இல்லை, சம்பளமும் கிடையாது, விற்றால்தான் காசு, ஆர்டர் கொடுத்தவர் பின்வாங்கினால் அலைச்சல் அவர்களுக்குத்தான். ஆலையிலோ அடுத்த வீட்டுச் சமையலறையிலோ வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழி குறைவாக இருந்த ஊரில், வீட்டையும் பார்த்துக்கொண்டு மரியாதையோடு நாலு காசு சம்பாதிக்க இது ஒரு வழியாக இருந்தது, அவ்வளவுதான் சொல்லலாம். 20ம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளுக்குள் முகவர்களின் எண்ணிக்கை 10,000 ஆகிவிட்டது. அதே சமயம் மேலிடம் ஆண்களிடமே இருந்தது. ஆண்ட்ரியா ஜங் என்ற பெண் தலைமைச் செயல் அதிகாரியாக வந்தது 1999ல், கம்பெனி தொடங்கி 113 ஆண்டுகள் கழித்து. பெண்களாலேயே நின்ற ஒரு கம்பெனிக்கு இது ரொம்ப அதிகமான காத்திருப்பு.

வளர்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1897ல் நியூயார்க் மாநிலத்தின் சஃபர்ன் ஊரில், மக்கானல் குடியிருந்த இடத்திலேயே, ஆய்வுக்கூடம் கட்டினார்கள், மூன்று மாடி மரக்கட்டடம். தயாரிப்பு அங்கே, அலுவலகம் சேம்பர்ஸ் தெருவில். 1905ல் முகவர்களுக்காக அவுட்லுக் என்ற பத்திரிகை ஆரம்பித்தார்கள், எப்படிப் பேசுவது, எந்தச் சரக்கை எப்போது முன்னால் எடுப்பது, எந்த ஊர் முகவர் நன்றாகச் செய்கிறார் என்றெல்லாம் அதில் வரும். 1906ல் குட் ஹவுஸ்கீப்பிங் இதழில் முதல் அச்சு விளம்பரம். 1914ல் கனடாவின் மாண்ட்ரீலில் அலுவலகம். 1915ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பனாமா-பசிபிக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், பெயரில் கலிஃபோர்னியாவை வைத்திருந்த கம்பெனிக்குக் கலிஃபோர்னியாவிலேயே கிடைத்த மரியாதை. 1920ல் ஆண்டு விற்பனை 10 லட்சம் டாலர்.

இதற்கிடையில் பெர்ஃப்யூம் கம்பெனி என்ற பெயருக்குப் பொருந்தாத சரக்கெல்லாம் சேர்ந்துகொண்டது. வெனிலா எசன்ஸ், பேக்கிங் பவுடர், பற்பொடி, ஷாம்பூ, வெள்ளிப் பாத்திரம் துலக்கும் மார்வெல் என்ற தட்டு, சமையலறைச் சாமான்களுக்கு பெர்ஃபெக்ஷன் என்று தனிப் பெயரே வைத்தார்கள். இதுவும் அந்தப் பழைய கணக்குதான். சென்ட் பாட்டில் தீர மாதங்கள் ஆகும், வெனிலாவும் பேக்கிங் பவுடரும் சீக்கிரம் தீரும், முகவர் மறுபடி அந்தக் கதவைத் தட்டக் காரணம் கிடைக்கும். கடைக்காரன் அலமாரியில் இடம் பிடிக்கப் போராட வேண்டிய தேவை இல்லாததால், என்ன செய்தாலும் அதை அதே பெட்டியில் போட்டு அனுப்ப முடிந்தது.

ஏவான் என்ற பெயர் 1928ல் வந்தது, முதலில் சில சாமான்களுக்கு மட்டும். ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபர்ட் ஏவான் நதிக்கரையில் இருக்கிறது, சஃபர்ன் சுற்றுப்புறம் மக்கானலுக்கு அந்த ஊரை நினைவுபடுத்தியதால் அந்தப் பெயர் என்று கம்பெனி சொல்கிறது. நாடு முழுவதும் பரவிவிட்ட பிறகு ஒரு மாநிலத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருப்பதும் அவர்களுக்கு இடைஞ்சலாகத்தான் இருந்திருக்க வேண்டும். 1937ல் மக்கானல் இறந்தார், 1939ல் கம்பெனியின் பெயரே ஏவான் புராடக்ட்ஸ் ஆனது. அதன்பின் கதை பலருக்கும் தெரியும்: 1954ல் தொடங்கிய அழைப்பு மணி விளம்பரம், உலகமெங்கும் கிளைகள், பிறகு சரிவு. 2016ல் வட அமெரிக்க வியாபாரம் தனியாகப் பிரிந்தது, 2020ல் பிரேசிலின் நட்டூரா ஏவானை வாங்கியது, 2024 ஆகஸ்டில் டால்கம் பவுடர் வழக்குகளின் சுமை தாங்காமல் ஏவான் புராடக்ட்ஸ் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கேட்டது. திருமதி ஆல்பீயின் உருவத்தில் பீங்கான் பொம்மை செய்து நன்றாக விற்ற பெண்களுக்குப் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் 1970களில் வந்தது, இணையத்தில் ஏவான் என்று தேடினால் அந்தப் பொம்மைகள் குவியலாக வரும்.

பழைய பாட்டில்களை இணையத்தில் வாங்க நினைப்பவர்களுக்காக ஒன்றிரண்டு சொல்கிறேன். லேபிளில் ஏவான் என்று ஒரு ஓரத்திலாவது இருந்தால் அது 1928க்கு முந்தியது கிடையாது, விற்பவர் 1890 என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி என்ற பெயர் மட்டும் இருந்தால் 1939க்கு முந்தியது. அமெரிக்க உணவு, மருந்துச் சட்டத்தின்படி உத்தரவாதம் என்று 1906ம் ஆண்டைக் குறிப்பிட்டு அச்சடித்திருந்தால், அந்த பாட்டில் 1906ல் செய்ததாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது சட்டம் வந்த ஆண்டு, அந்த வாசகத்தை அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை எல்லாக் கம்பெனிகளும் போட்டுக்கொண்டிருந்தன. இன்னொன்று, 1970களில் ஏவானே பழைய கலிஃபோர்னியா பெர்ஃப்யூம் கம்பெனி பெயரைப் போட்டு நினைவுப் பதிப்புகள் செய்து விற்றது, பார்க்கப் பழசு மாதிரியே இருக்கும். அடிப்பக்கத்தைத் திருப்பிப் படம் அனுப்பச் சொல்லுங்கள், பதிப்பின் ஆண்டு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.